தறிச்சத்தம் எங்கே போச்சு?

“இப்ப கேளு” என்கிறார் தாத்தா. சொல்லிவிட்டுத் தறியின் மீது குனிகிறார். குழிக்குள் கால் மிதியை மாற்றுகிறது. வலது கை கயிற்றைச் சுண்டுகிறது. நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. இடது கை பலகையை இழுத்து அடிக்கிறது. மறுபடியும் மிதி, கயிறு, பலகை. பத்தொன்பது விநாடிகள். அவ்வளவு நேரமும் வீடியோவில் சத்தமே இல்லை, டிவியை மியூட்டில் போட்ட மாதிரி. பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, “வித்தியாசம் தெரிஞ்சுதா?” என்று கேட்கிறார். அந்தக் குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு இன்னொரு குரல், “தெரிஞ்சுது தாத்தா” என்கிறது.

அது என் குரல். சொன்னது பொய். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மினுக்குகிறதா, பதிவாகிறதா என்பதில்தான் என் கண் இருந்தது.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நான் வேளச்சேரியில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். ஆரணி சுமார் 140 கிலோமீட்டர்தான். அந்த மாதங்களில் அது வெளிநாடு. தாத்தாவுக்கு எண்பத்தொரு வயது, அதில் எழுபது வருஷம் தறிக்குழியில் போனது. கல்யாணங்கள் நின்றுபோனதால் பட்டுக்கு ஆர்டர் இல்லை, ஏற்றிய பாவு தறியிலேயே கிடந்தது. “கையில வேல இல்லாதப்பதான்டா வாயில கத வரும்” என்று அவரே சொன்னார். அத்தை பையன் போனைப் பிடித்துக்கொள்வான். நான் இங்கே லேப்டாப்பில் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டுக் கேள்வி கேட்பேன். இப்படிப் பதினொரு அழைப்புகள், ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். 2021 ஜூனில் தாத்தா போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்துத் திதிக்கு அரை மணி நேரப் படமாக வெட்டித் தரலாம் என்று அந்தக் கோப்புகளைத் திறந்தேன். அப்போதுதான் என்னிடம் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று புரிந்தது. அந்தப் பத்தொன்பது விநாடியில் அவர் காட்ட நினைத்தது இது: “தார் நெறைஞ்ச நாடா ஒரு மாதிரி ஓடும். தீரப் போற நாடா ஒரு மாதிரி ஓடும். பாத்துத் தெரிஞ்சிக்க முடியாது. வேல செய்யறவனுக்குக் கண்ணு அப்புறம், மொதல்ல காது.” விளக்கம் முழுசாக இருக்கிறது. விளக்கப்பட்ட விஷயம்தான் இல்லை.

இன்னும் இரண்டு குறைகள். ஜரிகைக் கரையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிற இடத்தில் கரை சதுரம் சதுரமாக உடைந்து, மஞ்சள் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்தது நானே செய்துகொண்டது. நம் ஊரில் கதை கேட்பவன் உம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்பவருக்குக் கதை ஓடாது. நான் ஒன்பது மணி நேரமும் உம் கொட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ‘உம்’முக்கும் தாத்தாவின் ஒரு சொல் அமுங்கியிருக்கிறது. இரண்டு குரலும் ஒரே தடத்தில் கலந்து பதிவானதால் என் குரலை மட்டும் பிய்த்தெடுக்கவும் வழியில்லை.

எந்தச் செயலி என்று கேட்காதீர்கள். அழைப்புச் செயலிகள் எல்லாம் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன, அதுவும் வேண்டுமென்றே. அந்த ‘வேண்டுமென்றே’ எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

*

தொலைபேசி தொடக்கத்திலிருந்தே கஞ்சன். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பள்ளிப் பாடம். தொலைபேசிக் கம்பி அதில் 300 முதல் 3,400 வரை மட்டும் போதும் என்று முடிவுகட்டியது. பேசுவது யார், என்ன சொல்கிறார் என்று புரிய அவ்வளவு போதும். கம்பியும் கருவியும் விலை அதிகமாக இருந்த காலத்தில் அது நியாயமான கணக்குதான். பலகை மோதும்போது எழும் ‘தம்’மின் அடிப்பகுதி 300க்குக் கீழே போய்விடும். நாடா உரசும் ‘ஸ்ஸ்’ஸின் மேல்பகுதி 3,400ஐத் தாண்டிவிடும். பழைய லேண்ட்லைனில் கூப்பிட்டிருந்தாலும் பாதித் தறி வந்திருக்காது.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல் என்ற இயற்பியலாளர் 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரும் அவருடைய சகாக்களும் வளர்த்த யோசனையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஒலியை எதற்கு அப்படியே அனுப்ப வேண்டும்? குரல் என்பது தொண்டையில் எழும் அதிர்வு, வாய் என்ற குழாய் வழியாக வெளியே வருகிறது. அந்தக் குழாய் இந்தக் கணத்தில் எப்படி வளைந்திருக்கிறது என்ற குறிப்பை மட்டும் அனுப்பினால், மறுமுனையில் இருக்கும் கருவி குரலை மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். 1985இல் அடலும் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் இதன் ஒரு வடிவத்தை வெளியிட்டபோது, ஒரு விநாடிப் பேச்சைச் சுருக்க அன்றைய கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்கு நூறு விநாடிகளுக்கு மேல் பிடித்தது. சில ஆண்டுகளில் அதுவே செல்போனுக்குள் வந்து உட்கார்ந்தது. இன்று உலகத்தில் நடக்கும் செல்பேசிப் பேச்சில் பெரும்பகுதி இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான்.

வருகிற ஒலி ஒரு மனித வாயிலிருந்து வருகிறது என்பதுதான் இதன் அடிப்படை அனுமானம். போனில் பாட்டுப் போட்டுக் காட்டினால் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல இருப்பது இதனால்தான். தறிக்குத் தொண்டை கிடையாது.

2009இல் ஸ்கைப் நிறுவனம் தன் அழைப்புகளுக்காக இதே வழியில் ஒரு புதிய ஒலிச்சுருக்க முறையை வெளியிட்டது. பழைய தொலைபேசியைவிடப் பல மடங்கு தெளிவு. 2012இல் அது இன்னொரு முறையோடு சேர்ந்து ஓபஸ் என்ற பொதுத் தரமாயிற்று. இன்றைக்கு உலாவி வழியாகப் பேசுகிற எந்த அழைப்பிலும் ஓபஸ் இருந்தாக வேண்டும். ஸ்கைப் தன் பங்குக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? சில்க். பட்டு! பேச்சை வழவழப்பாக்கும் என்று நினைத்து வைத்திருப்பார்கள் போல. ஆரணிக்காரனுக்கு இது சிரிப்பா அழுகையா என்று தெரியாத இடம்.

ஆனால் சுருக்கம் மட்டும் செய்திருந்தால் என் பத்தொன்பது விநாடியில் கரகரப்பாகவாவது ஏதோ கேட்டிருக்கும். முழு நிசப்தத்துக்குக் காரணம் வேறு, இரைச்சல் நீக்கம். 1979இல் ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் ஒரு எளிய வழியை முன்வைத்தார். பேசாத இடைவெளியில் கேட்கும் ஒலியை இரைச்சல் என்று அளந்துகொள், பிறகு மொத்தத்திலிருந்து அதைக் கழித்துவிடு. மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு இது போதும். தட்டுத் தட்டென்று விட்டுவிட்டு வரும் சத்தத்தை இது பிடிக்காது. அதற்குப் பின்னால் வந்தவை நரம்பியல் வலைப்பின்னல்கள். சுத்தமான பேச்சு ஒரு பக்கம், கீபோர்டு தட்டுவது, கதவு சாத்துவது, நாய் குரைப்பது, பாத்திரம் விழுவது இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்து கொடுத்து, பேச்சை மட்டும் மீட்டெடுக்கப் பழக்குவார்கள். 2020இல் வீடே அலுவலகம் ஆனதும் இதற்குத் தேவை எகிறியது. அந்த ஆண்டு இதற்கென்றே ஆய்வாளர்களிடையே ஒரு சர்வதேசப் போட்டிகூட நடந்தது.

அந்தக் கண்ணோட்டத்தில் தறி என்பது கதவு சாத்தும் சத்தம். தாத்தா “இப்ப கேளு” என்று சொல்லி வாயை மூடிய கணத்தில், மென்பொருள் தன் கடமையைச் செய்தது. பேச்சு நின்றுவிட்டது, மிச்சமெல்லாம் குப்பை, பெருக்கித் தள்ளு.

படத்தின் கதையிலும் ஒரு பெங்களூர்க்காரர் வருகிறார். நசீர் அகமது, 1940இல் பிறந்தவர். 1972இல் அவர் படங்களைச் சுருக்குவதற்கான ஒரு கணித முறையை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். ரொம்ப எளிமையான யோசனை என்று நிராகரித்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் அவரே செய்தார். டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1988இல் வீடியோ அழைப்புக்கென வந்த எச்.261 தரம் அதன் மேல்தான் கட்டப்பட்டது. இன்றைய ஜேபெக் படம், யூடியூப், வீடியோ கால் எல்லாவற்றுக்கும் அதுவே வேர். 2021இல் ‘திஸ் இஸ் அஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், கொரோனாவில் வீடியோ காலை நம்பியிருந்த ஒரு குடும்பத்தின் கதைக்கு நடுவே அவர் கதையையும் சொன்னது.

அந்த முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டும். ஒவ்வொரு சதுரத்திலும் மெதுவாக மாறும் நிறத்தை வைத்துக்கொண்டு, சட்டுச் சட்டென்று மாறும் நுணுக்கத்தை முதலில் விடும். முகத்துக்கும் சுவருக்கும் இது ஒத்துவரும், கண்ணுக்கு இழப்பு தெரியாது. ஜரிகையோ முழுக்க முழுக்கச் சட்டென்று மாறுவதுதான். இழைக்கு இழை மினுக்கு. நெய்கிறவர் கூலி வாங்குவதே அந்த மினுக்குக்கு. சுருக்காத 720பி வீடியோவுக்கு விநாடிக்கு 660 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும், அழைப்பில் அதை ஒன்றேகால் மெகாபிட்டுக்குள் அடைக்கிறார்கள். ஐந்நூறில் ஒரு பங்கு. நெட் இழுத்தால் இன்னும் குறையும். எங்கள் தெருவில் மத்தியானம் நெட் எப்படி இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குக் கோபம் வரவில்லை, ஒருவித மரியாதைதான் வந்தது. 140 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவரை என் அறைக்குள் கொண்டுவந்து பேச வைத்தது இந்தக் கஞ்சத்தனம்தான். தப்பு என்னுடையது. அழைப்பு என்பது அந்த நேரத்துக்குப் பேசிக்கொள்ள. அதைப் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு வெட்டி ஒட்டலாம் என்று நினைத்ததுதான் கோளாறு.

*

அப்படியானால் தூரத்தில் இருப்பவரை எப்படித்தான் தரமாகப் பதிவது? விடை பழையது. அழைப்பைப் பதியாதே, ஆளைப் பதி. பேசிக்கொள்ள ஒரு கருவி, பதிந்துகொள்ள இன்னொரு கருவி. ஆங்கிலத்தில் டபுள் எண்டர் என்பார்கள். நாம் இருமுனைப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

வானொலிக்காரர்கள் டேப் காலத்திலேயே இதைச் செய்தார்கள். நிலையத்தில் இருப்பவர் போனில் கேள்வி கேட்பார். வேறு ஊரில் பதில் சொல்பவரின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஆள் மைக்கோடு உட்கார்ந்து, பதிலை மட்டும் நேரடியாக டேப்பில் எடுப்பார். பிறகு டேப்பை வரவழைத்து இரண்டையும் ஒட்டுவார்கள். கேட்பவருக்கு இருவரும் ஒரே அறையில் இருப்பதாகத் தோன்றும். கனடாவில் 1982 ஜனவரியில் தொடங்கிய ‘தி ஜர்னல்’ நிகழ்ச்சி இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பேர் வாங்கியது. பார்பரா ஃப்ரம் ஸ்டுடியோவில் இருந்தபடி போனில் பேட்டி எடுப்பார். எங்கோ இருக்கும் விருந்தாளியை அங்கேயே ஒரு கேமராக் குழு படம் பிடிக்கும். பிறகு இரண்டையும் சேர்த்து, அவர் திரையைப் பார்த்து நேருக்கு நேர் பேசுவதுபோல ஒளிபரப்புவார்கள்.

இரண்டு முனையையும் ஒட்டத் தொடங்கும் இடம் தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் சினிமாவில் கிளாப் பலகை. நம் ஊரில் ஒலிப்பதிவு வந்த நாளிலேயே இதற்கு உறவான ஒரு விஷயம் உண்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டுகளில், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். கேட்பவருக்கு அது கர்வம்போலத் தோன்றலாம். தட்டுகள் அச்சாவது ஜெர்மனியில் ஹானோவரில். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் பாடியது என்று தெரிவதற்கான அடையாளம் அது. என் பதினொரு கோப்புகளில் ஒன்றின் தொடக்கத்திலும் தேதி இல்லை, பெயர் இல்லை. ‘ஹலோ, கேக்குதா, கேக்குதா’ மட்டும் பதினொரு தடவை.

நான் தாத்தாவை அழைப்பில் பதிந்துகொண்டிருந்த அதே வாரங்களில், தொழில் தெரிந்தவர்கள் சரியான வழியில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதுதான் உறுத்துகிறது. 2020 ஏப்ரலில் பிரசூன் பாண்டே இயக்கிய ‘ஃபேமிலி’ குறும்படம் வந்தது. அமிதாப் பச்சனின் கறுப்புக் கண்ணாடி காணோம், வீடே தேடுகிறது. ரஜினிகாந்த், மம்மூட்டி, மோகன்லால், சிரஞ்சீவி, ஆலியா பட் எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் தெரியும். ஒருவரும் தன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவரவர் இடத்தில் எடுத்து, பிறகு வெட்டி ஒட்டியது. மே மாதம் கௌதம் வாசுதேவ் மேனனின் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ வந்தது. சிம்புவும் த்ரிஷாவும் அவரவர் வீட்டில், ஐபோனில் எடுத்த படம். கதையே ஒரு போன் கால்தான். ஆனால் திரையில் நாம் பார்ப்பது போன் காலின் வழியாக வந்த படம் அல்ல. அந்தப் படத்தை அந்த மாதமே நான் பார்த்தேன், அழுதேன்கூட. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறவில்லை.

இப்போது இதற்கென்றே உலாவியில் ஓடும் சேவைகள் இருக்கின்றன, ஜென்காஸ்டர், ரிவர்சைடு மாதிரி. பேசும்போது வழக்கமான கஞ்ச அழைப்பு ஓடும். பின்னால் ஒவ்வொருவர் கருவியிலும் தனித்தனியாக முழுத் தரத்தில் பதிவாகி, மெல்ல மேலே ஏறும். பாட்காஸ்ட் செய்யும் நண்பர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் மறுமுனையில் நல்ல கணினியும், உலாவியை மூடாமல் காத்திருக்கிற ஒரு ஆளும் வேண்டும். ஆயாக்களிடம் இது நடக்காது. அங்கே இரண்டு போன்தான் வழி. ஒன்றில் இயர்போன் மாட்டிப் பேச்சு. இன்னொன்றைப் பிளைட் மோடில் போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, கேமராவை ஓடவிட வேண்டும். இயர்போன் முக்கியம், இல்லையென்றால் என் ‘உம்’ அந்தப் பதிவிலும் போய் உட்கார்ந்துவிடும். 1080பி என்றால் நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை இடம் பிடிக்கும். அதை வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், அல்லது மெமரி கார்டே நேரில் வர வேண்டும்.

இன்னொரு தலைவலி எடிட்டிங்கில்தான் தெரியும். போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்தபடி விநாடிக்கு எத்தனை சட்டகம் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரப் பதிவில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போய்விடும். வெட்டுவதற்கு முன் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் போட்டுச் சட்டக வேகத்தை நிலையாக்கிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். இரண்டும் பொருந்தினால் நடுவில் இருப்பதும் பொருந்தும்.

*

பதினொரு அழைப்பில் ஒன்று, ஏழாவது, பாதியில் அறுந்தது. நெட் போய்விட்டது. தாத்தா அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தை பையனுக்கு அவரை நிறுத்த மனசு வரவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று போன் கேமராவைத் திறந்து பதிந்திருக்கிறான். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. மூன்று வருஷமாக அந்தப் போனிலேயே கிடந்தது, எனக்கு அனுப்ப அவனுக்கு ஞாபகமில்லை. திதிப் படம் எடுக்கிறேன் என்று கேட்டபோது, “இது ஒண்ணு கீது மாமா, ஒனக்கு யூஸ் ஆவுமா பாரு” என்றான்.

ஹெட்போனில் போட்டேன். தாத்தா ஏதோ கூலிக் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறார், முக்கியமான விஷயம் ஒன்றுமில்லை. பேச்சோடு பேச்சாகத் தறியில் உட்கார்ந்து நாலு ஊடை போடுகிறார். தடக், ஸ்ஸ், தம். தடக், ஸ்ஸ், தம். மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டை புரளும் ‘க்ளக்’. நான் பிறந்த வீட்டில் தொட்டிலில் தூங்கிய சத்தம். அவர் சொன்ன அந்த வித்தியாசம், தார் நிறைந்த நாடாவுக்கும் தீரப் போகும் நாடாவுக்கும் உள்ளது, அதில் இல்லை. நாலு ஊடையில் தார் தீராது. திதிப் படத்தில் அந்தப் பத்தொன்பது விநாடிக்கு அடியில் இந்தச் சத்தத்தைப் போட்டு ஒட்டிவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். டைம்லைனில் வைத்தும் பார்த்தேன், அழகாகப் பொருந்தியது. அழித்துவிட்டேன். பத்தொன்பது விநாடியையும் சத்தமில்லாமலே விட்டேன். திதியன்று அந்த இடம் வந்ததும் சித்தப்பா எழுந்து ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

ஆரணி என்று கூகுளில் தேடினால் 1751 டிசம்பரில் கிளைவ் இங்கே ஜெயித்த சண்டையும், 1782 ஜூனில் ஐதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் நடந்த சண்டையும் வரும். கோட்டை, ஜாகீர், பட்டு, அரிசி. பட்டு என்றால் புடவைப் படம். தெருவில் நடந்தால் நாலு வீட்டுக்கு ஒரு தறி கேட்ட ஊர் இது. இன்று எண்ணிச் சொல்லிவிடலாம். அதனால் போன வருஷம் முதல் நான் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், இந்த முறை இரண்டு போனோடு.

முதல் ஆள் எதிர் வீட்டு ஆயா, அறுபது வருஷமாகத் தார் சுற்றுபவர். அத்தை பையன் இப்போது வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைப்பான். ஸ்டாண்டை நிறுத்தி, பிளைட் மோடு போட்டு, ஆயாவின் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிவிட்டான். இன்னொரு காது ராட்டைக்கு வேண்டுமாம். நான் இங்கிருந்து, “ஆயா, ஒரு தடவ கை தட்டுங்க” என்றேன்.

“இன்னாத்துக்குடா? யாராச்சும் ஜெயிச்சாங்களா?”

“இல்ல ஆயா, படம் ஒட்டறதுக்கு.”

அழைப்பில் அதற்குப் பிறகு எனக்குக் கேட்டது ஆயாவின் குரல் மட்டும்தான். ராட்டை சுற்றுவது தெரிந்தது, கேட்கவில்லை. “கேக்குதா?” என்று அவரும் கேட்டார். “இப்ப கேக்கல ஆயா. கார்டு வந்தாதான் கேக்கும்” என்றேன். அவருக்கு அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும், சிரித்தார்.

வியாழக்கிழமை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கார்டு வந்தது, ஒரு துண்டு ஜரிகைக் காகிதத்தில் மடித்து. முதலில் தேதியும் பெயரும், அத்தை பையன் குரலில். பிறகு கைதட்டல். “போதுமா?” பிறகு ராட்டை, கிர்ரென்று. அதற்குப் பின்னால், மூன்று வீடு தள்ளியிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் யாரோ நெய்துகொண்டிருக்கிறார்கள்.